இறங்காமல் போன தூரம்

பயணக் கட்டுரைகள் தமிழில் நிறைய இருக்கின்றன. காசிக்குப் போனவர்கள், கப்பலேறி லண்டனுக்குப் போனவர்கள், அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து நானும் ஆசையாகப் படித்தவள்தான். ஆனால் நான் படித்த அந்தப் புத்தகங்களில் ஒருவர்கூட, புது ஊருக்குள் நுழையும்போது 'இங்க தண்ணி கேட்டா குடுப்பாங்களா, எதுல ஊத்துவாங்க' என்று யோசித்ததாக எழுதவில்லை.

நம் ஜனங்கள் பயணம் போகாதவர்களா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனார்கள். இன்றைக்கும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர்கள் நாம்தான். அதற்குப் பஞ்சம் பிழைக்கப் போவது என்று பெயர். அதே மூட்டையை நல்ல துணியில் தைத்து, வார் வைத்து, ஆசைக்கு ஊர் சுற்றப் போனால் பேக்பேக்கிங் என்கிறார்கள்.

நம்மவர் எழுதியதில் பயண நூல் எது என்று கேட்டால் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்றுதான் சொல்வேன். சின்ன நூல். அதை யாரும் பயண நூல் அலமாரியில் வைப்பதில்லை. ஆனால் பாதிக்கு மேல் வண்டியும் வழியும் தங்குமிடமும்தான். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போகிறார். என்ன சாதி என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டை வாடகைக்கு ஒருவன் சம்மதிக்கிறான். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான், அதுதான் ஒப்பந்தம். 1929இல் சாலிஸ்கானில் ஒரு குதிரைவண்டிக்காரன் அவரை ஏற்றி ஓட்ட மாட்டேன் என்கிறான். அப்போது அவர் பாரிஸ்டர், டாக்டர், எல்லாம்தான். ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, வண்டி குடை சாய்ந்து, அம்பேத்கருக்குக் காலில் அடி.

நான் இரண்டு வருஷம் நெதர்லாந்தில் படித்தேன். அங்கே சைக்கிள் ஓட்டினேன், முதுகில் பையோடு தனியாகச் சுற்றினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் சைக்கிளை அங்கிருந்து ஆரம்பிக்க முடியாது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், அப்பாவும் அம்மாவும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். காலனியிலிருந்து பஸ் நிற்கிற ரோட்டுக்கு வர ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. அப்பா ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் வைத்திருந்தார். காலனியிலிருந்து புளியமரம் வரைக்கும் மிதிப்பார். புளியமரத்தில் இறங்குவார். தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு வரும். செருப்பு ஹேண்டில்பாரில் தொங்கும். தெருவை உருட்டிக்கொண்டே கடந்து, பிள்ளையார் கோயில் தாண்டி மறுபடி ஏறுவார். மொத்தம் முந்நூறு அடி இருக்கும். அவரை யாரும் 'எறங்குடா' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் இறங்குறீங்க என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எங்கப்பன் காலத்துலயே சொல்லி முடிச்சாச்சு" என்றார்.

அம்மா சைக்கிள் படித்த கதை வேறு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிக்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சம் பெண்கள் வரை கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். அதில் ஒருத்தி என் அம்மா. அப்போது கல்யாணமாகாத வயசு, கல் குவாரியில் ஜல்லி உடைக்கிற வேலை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளில்தான் படித்தார்கள். அப்புறம் அதுதான் வசதி என்றாகிவிட்டது, பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் இல்லையா. "ராத்திரி நிலா வெளிச்சத்துல, கெழவிங்ககூட விழுந்து எந்திரிச்சாளுக. ஊர்க்காரி, சேரிக்காரின்னு இல்ல. கேரியரப் புடிச்சிக்கிட்டு ஒருத்தி ஓடுவா, ஒருத்தி ஓட்டுவா" என்று அம்மா சொல்லும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். "நூறு எரநூறு பேரா ஒண்ணாப் போனோம்ல, அன்னிக்கு எந்தத் தெருவுலயும் எறங்கல" என்பார். அறிவொளி முடிந்தது. அந்தக் கூட்டம் கலைந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அம்மா, அப்பா மாதிரியே புளியமரத்தில் இறங்க ஆரம்பித்தார்.

நான் பதினொன்றாம் வகுப்பு போனபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வந்தது. காலனியிலிருந்து நாங்கள் நாலு பேர். புளியமரம் வந்ததும் நாலு பேரும் இறங்கினோம். எங்களோடு படித்த ஊர்த்தெருப் பிள்ளைகள் அதே அரசாங்கம் கொடுத்த அதே சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அரசாங்கத்தால் சைக்கிள் கொடுக்க முடிந்தது. தெருவைக் கொடுக்க முடியவில்லை.

வேளாண்மை படித்து, மண்ணைப் பற்றி மேலே படிக்க 2022இல் உதவித்தொகையோடு நெதர்லாந்து போனேன். அதே வருஷம்தான் ஒன்றிய அரசு தலித் மாணவர்களுக்கான வெளிநாட்டு உதவித்தொகை விதிகளை மாற்றியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வு என்றால் இனி அந்தப் பணம் கிடையாது. அதாவது மண்ணைப் படிக்கப் போகலாம், அந்த மண்ணில் யார் யாரை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று படிக்கப் போக முடியாது.

நான் போய் இறங்கிய ஊர் வாகனிங்கன். ரைன் நதிக் கரையில் சின்ன ஊர், பெரிய விவசாயப் பல்கலைக்கழகம். ரயில் கிடையாது. ஏழு கிலோமீட்டர் தள்ளி ஏடெயில் இறங்கி வர வேண்டும். போன முதல் வாரமே எல்லாரும் சொன்ன புத்திமதி, "முதல்ல சைக்கிள் வாங்கு." அந்த நாட்டில் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம். சைக்கிள் 2 கோடிக்கு மேலே. அறுபது யூரோ கொடுத்து நாலாங்கை ஐந்தாங்கையாக ஒரு கறுப்புச் சைக்கிள் வாங்கினேன். கையில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். சைக்கிளைவிடப் பூட்டு கனமாக இருந்தது.

சைக்கிளுக்கென்று சிவப்புத் தார் போட்ட தனிப் பாதை. பேராசிரியரும் அதில்தான் வருகிறார், அந்தக் கட்டடத்தைத் துடைக்க வருகிறவரும் அதில்தான். அந்த நாட்டில் 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ரூட்டே அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகிற படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ரோட்டைக் கடக்கிற இடத்தில் தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்திருக்கும். அது யார் பக்கம் பார்த்து இருக்கிறதோ அவர்கள் வழிவிட வேண்டும். முதல் தடவை ஒரு பெரிய கார் எனக்காக நின்றது. எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனுஷர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. கார்க்காரர் கையால் 'போ' என்றார்.

அன்று ராத்திரி அப்பா போனில் பேசினார்.

"ஏத்தா, அங்கயும் சைக்கிள்லதான் போறியாமே. ஊருக்குள்ள போறப்ப எறங்கச் சொல்றாங்களா?"

"ஒரு எடத்துல போர்டு வச்சிருக்காங்கப்பா. சைக்கிள்ல வர்றவங்க எறங்கி உருட்டிட்டுப் போகணும்னு. கடைத்தெருவுல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பாத்தியா. அங்கயும் இருக்கு" என்றார்.

"இல்லப்பா. ஜனங்க நெருக்கமா நடக்குற எடம்னு எல்லாருக்கும் சேத்து வச்சது. மேயர் வந்தாலும் எறங்கணும்."

"மேயருமா?"

"மேயரும்தான்."

"போர்டுல எழுதியே வச்சிருக்கானா?"

"ஆமாப்பா."

"நம்மூர்ல எழுதலையே ஆத்தா" என்றார். அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டார்.

இந்தப் பாதைகள் எல்லாம் அந்த நாட்டுக்காரர்களின் நல்ல குணத்தால் வந்தவை என்று முதலில் தோன்றும். அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கேயும் கார்தான் ராஜா. காருக்காக வீடுகளை இடித்தார்கள், ரோட்டை அகலப்படுத்தினார்கள். 1971ஆம் வருஷம் மட்டும் சாலை விபத்துகளில் 3000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று கட்டுரை எழுதினார். அதே பெயரில் ஒரு இயக்கம் எழுந்தது. தாய்மார்கள் பிள்ளைகளோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள், தெருவை மறித்து விருந்து வைத்தார்கள், கூட்டங்கூட்டமாகச் சைக்கிளில் போனார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, நவம்பர் 4ஆம் தேதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டபோது, வெறும் ரோட்டில் சைக்கிளில் போவது எப்படி இருக்கும் என்று நாடு முழுக்கப் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் சண்டை போட்டு வாங்கியதுதான் அந்தச் சிவப்புத் தார்ப் பாதை. கூட்டமாகப் போனவர்கள் வாங்கிக் கொடுத்ததில்தான் நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நாட்டைச் சொர்க்கம் என்று எழுத நான் வரவில்லை. குழந்தைப் பராமரிப்பு உதவிப் பணத்தில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான குடும்பங்களை அந்த நாட்டு வரித்துறை அநியாயமாகக் கடனாளியாக்கியது. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் அதில் நிறையச் சிக்கினார்கள். 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. என் தோலைப் பார்த்துவிட்டு அறை காலியில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அதெல்லாம் அவர்களிடம் பார்த்தது. ஆனால் அங்கே என்னை இறங்க வைக்கப் பார்த்தவர்கள் அவர்கள் இல்லை, நம்மாட்கள்.

நம் நாட்டு மாணவர்கள் முப்பது நாற்பது பேர் ஒரு குழுவாக இருந்தார்கள். ஞாயிறு வந்தால் சைக்கிளில் எங்காவது போவோம். புல்வெளி, வாய்க்கால், காற்றாலை பார்த்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராகப் போகிற சுகம் தனி. ஒரு தடவை ஆற்றைத் தோணியில் கடந்து அக்கரையில் உட்கார்ந்திருந்தோம். ஆராய்ச்சிப் படிப்பில் இருந்த தமிழ் அண்ணன் ஒருவர் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தார். எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"புதுக்கோட்டையில எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அட, நமக்குப் பக்கம்தான். ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், ரைன் நதிக் கரையில், காகித டம்ளரோடு நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "வெளியில அண்ணா" என்றேன். "ஓ" என்றார். சிரித்த முகம் மாறவில்லை. டீயும் கொடுத்தார். அடுத்த வாரம் பொதுச் சமையலறை ஃபிரிட்ஜில் என் தட்டுக்கு மேலே ஒருத்தி தன் சாமான்களுக்கு 'சுத்த சைவம்' என்று சீட்டு ஒட்டினாள். 'ஸ்காலர்ஷிப்பில் வந்தவர்களுக்கு மார்க் தேவையில்லை' என்று யாரோ பேசியது காதுக்கு வந்தது. அப்புறம் டெக்சல் தீவுக்கு எல்லாரும் போய் வந்த படங்களைப் பார்த்தேன். புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி அதில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. சாதி பாஸ்போர்ட் எடுக்காமலே அங்கு வந்திருந்தது.

இரண்டு மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் பழைய சாமான் கடைக்குப் போய் ஒரு முதுகுப்பை வாங்கினேன்.

அந்த நாட்டிலும் பக்கத்து பெல்ஜியத்திலும் சைக்கிள் பாதைகள் சந்திக்கிற இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். கிளம்பும்போது 23, 41, 67 என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், பலகையைப் பார்த்துப் பார்த்து நாடு முழுக்கப் போகலாம். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர். பூமிக்கு அடியில் சுரங்க வழிகளின் சந்திப்புகளுக்கு எண் போட்டு வைக்கிற வழக்கத்தை மேலே கொண்டுவந்தார். 1995இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. எனக்கு இதில் பெரிய நிம்மதி என்னவென்றால், யாரிடமும் வழி கேட்க வேண்டாம். நம் ஊரில் வழி கேட்டால் முதலில் வழி சொல்ல மாட்டார்கள், 'நீ யாரு, யார் வீட்டுக்கு' என்று கேட்பார்கள்.

இப்படி நைமேகனுக்குப் போனேன். ஹோஹ வேலுவ காட்டுக்குப் போனேன். அங்கே வாசலில் நூற்றுக்கணக்கில் வெள்ளைச் சைக்கிள்கள் நிற்கும். காசு, பெயர், பூட்டு எதுவும் கிடையாது. எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டியது. நீண்ட பயணமென்றால் ராத்திரி தங்க 'சைக்கிள் நண்பர்கள்' என்ற ஒரு ஏற்பாடு இருந்தது. 1984இல் தொடங்கியது. நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்குக் குறைந்த காசில் தங்கள் வீட்டிலேயே ஒரு அறை தருகிறார்கள். எதிர்காற்றில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் மிதித்து, நனைந்துபோய், முன்பின் தெரியாத ஒரு வீட்டு மணியை அடிப்பேன். கதவு திறக்கிற அந்த ஒரு நொடி எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். திறந்த கிழவி கேட்பாள், "காபியா, டீயா?" அவ்வளவுதான் கேள்வி. அவள் குடிக்கிற அதே கோப்பை வரிசையிலிருந்து எனக்கும் ஒன்று வரும்.

அப்படி ஒரு வீட்டு மாடியில் படுத்துக்கொண்டுதான் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' திரும்பப் படித்தேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த வருஷங்கள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே தன் மனசிலிருந்து துடைத்துவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். பரோடா ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் 'எங்கே போய்த் தங்குவது' என்ற கேள்வி எதிரே நின்றது. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருக்கு வெளிநாடு மறக்க வைத்தது. ரயில் ஸ்டேஷன் ஞாபகப்படுத்தியது. நம் காலத்தில் ரயில் ஸ்டேஷன் வரைக்கும்கூடப் போக வேண்டாம், ஒரு பிளாஸ்க் டீ போதும்.

இரண்டாவது வருஷம் பக்கத்து ஊர்ச் சமூகக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் சைக்கிள் வகுப்புக்கு உதவிக்குப் போனேன். அந்த நாட்டில் குடியேறி வந்த பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பது பல ஊர்களில் நடக்கிற வேலை. சைக்கிள் தெரியாவிட்டால் அங்கே பெண்கள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான். சிரியா, சோமாலியா, எரித்திரியா, மொராக்கோ என்று பல நாட்டுக்காரிகள். எனக்கும் டச்சு அரைகுறை, அவர்களுக்கும் அரைகுறை. எரித்திரியாக்காரி ஒருத்திக்கு ஐம்பது வயசிருக்கும். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். 'விட்டுராத, விட்டுராத' என்று அவள் பாஷையில் கத்துவாள். ஒரு நாள் பாதி மைதானம் போனபின் திரும்பிப் பார்த்தாள், நான் எங்கேயோ நின்றுகொண்டிருந்தேன். இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். "அம்மா" என்றேன். "அம்மாவுக்கு?" என்றாள். குவாரியையும் நிலா வெளிச்சத்தையும் எந்த டச்சில் சொல்வது? "நிறையப் பெண்கள்" என்றேன். அவளுக்குப் புரிந்தது.

கடைசியாக ஆம்ஸ்டர்டாம். ஆன் ஃபிராங்க் மறைந்து வாழ்ந்த வீட்டைப் பார்க்க எல்லாரும் போவார்கள், நானும் போனேன். ஹிட்லரின் ஆட்கள் அந்த நாட்டைப் பிடித்த பிறகு யூதர்களுக்கு ஒவ்வொன்றாகத் தடை போட்டார்கள். பூங்காவில் உட்காரக்கூடாது. டிராமில் ஏறக்கூடாது. மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ள வேண்டும். 1942 கோடையில் சைக்கிளையும் ஒப்படைக்க வேண்டும். ஆன் தன் நாட்குறிப்பில் இந்தத் தடைகளை வரிசையாக எழுதியிருக்கிறாள், சைக்கிளும் அதில் இருக்கிறது. கொல்லப்போகிறவன்கூட முதலில் சைக்கிளைத்தான் பிடுங்குகிறான். இறங்கி நட என்று சொல்லிவிட்டால் மனுஷனைப் பாதி கொன்ற மாதிரி என்பது நாஜிக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர் ஆட்களுக்கு அவர்களுக்கும் முன்னாலேயே தெரியும்.

1942 ஜூலை 6ஆம் தேதி அந்தக் குடும்பம் ஒளியக் கிளம்பியது. ஆனும் அப்பாவும் அம்மாவும் மழையில் பைகளைச் சுமந்துகொண்டு நடந்தே போனார்கள். அக்கா மார்கோ மட்டும் நடக்கவில்லை. அவள் தன் சைக்கிளை ஒப்படைக்காமல் வைத்திருந்தாள். பதினாறு வயசுப் பெண், மார்பில் நட்சத்திரம் இல்லாமல், உதவிக்கு வந்த மீப் என்ற பெண்ணோடு பட்டப்பகலில் ஊர் நடுவே சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். சைக்கிள் ஓட்டியதும் குற்றம், நட்சத்திரம் இல்லாததும் குற்றம். ஆனின் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து வெளியே வந்த எனக்கு அக்காக்காரியின் சைக்கிள்தான் மனசில் நின்றது. 1944 ஆகஸ்டில் எல்லாரும் பிடிபட்டார்கள். 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் அக்காவும் தங்கையும் செத்துப்போனார்கள். அந்த ஊரில் இன்றைக்கு யாரும் யாரையும் சைக்கிளிலிருந்து இறக்க முடியாது. அந்தத் தடையைக் குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பள்ளிக்கூடத்தில் புளியமரத்தைப் பற்றி எந்தப் பாடம் இருக்கிறது?

2024இல் ஊர் திரும்பினேன். 2025 பிப்ரவரியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்று ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளில் வெட்டினார்கள் என்று அவன் குடும்பம் சொன்ன செய்தி வந்தது. காலை இல்லை, கையை. ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கையை. அன்று முழுக்க அப்பா யாரிடமும் பேசவில்லை.

"நம்மூர்ல எழுதலையே" என்று அப்பா சொன்னாரே, அது ஒருபக்கம் உண்மை. நம் பக்கத்திலும் ஒன்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், அது அவருக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 3(1)(இசட்ஏ) என்று ஒன்று. பொது இடத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதையும், செருப்புப் போடுவதையும், புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் பச்சையாக இருக்கிறது. சைக்கிள் என்ற வார்த்தையே சட்டத்தில் இருக்கிறது, தோழர்களே. அதை எழுத வேண்டி வந்தது என்பது வெட்கம். எழுதியிருக்கிறது என்பது நமக்கு ஆயுதம். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "செருப்புமா?" என்று கேட்டார்.

காலனியில் இப்போது பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் ஒன்பது பேர். கல்வி ஆண்டு தொடங்கிய முதல் நாள் அவர்களைத் தனியாக அனுப்பவில்லை. அம்மா காலத்து அறிவொளிப் பெண்கள் நாலு பேர் இன்னும் ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். அம்மா, நான், அவர்கள், பிள்ளைகள், எல்லாருமாகப் புளியமரத்தைத் தாண்டினோம். யாரும் இறங்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், "என்ன, ஊர்வலமா?" என்றார். அம்மா மிதிப்பதை நிறுத்தாமலே, "ஆமாய்யா, பள்ளிக்கூடம் போற ஊர்வலம்" என்றார். அதற்குப் பிறகு சாடை பேச்சு வந்தது. ஒரு நாள் இரண்டு டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். காவல் நிலையத்தில் சட்டப்பிரிவின் நகலோடு ஒரு மனு கொடுத்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தினமும் ஒன்றாகத்தான் போகிறார்கள். தனியாகப் போகிற காலம் இன்னும் வரவில்லை. அதை வாங்கிக் கொடுக்கத்தான் இப்போது கூட்டமாகப் போகிறார்கள்.

நெதர்லாந்தில் ஒவ்வொரு சந்திப்புக்கும் எண் போட்டுப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். நமக்கும் ஒரு படம் வேண்டும். உங்கள் ஊரில் எந்த மரத்தில், எந்தக் கோயிலில், எந்தக் கடையில் இறங்க வேண்டியிருக்கிறது? எத்தனை அடிக்கு உருட்ட வேண்டியிருக்கிறது? மாணவர்களாக இருக்கிறவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் அளவு டேப்பும் எடுத்துப் போங்கள். ஊர்ப் பெயரும் இடமும் தூரமும் எழுதி வையுங்கள். அம்மாக்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு அடியும் தெரியும்.